வீட்டில் கட்டும் விமானம்: வயர் லேபல் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

கிட் விமானம் (பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் சின்ன விமானம்) கட்டுபவர்கள் வயரிங்கில் உதவி கேட்டு என்னைக் கூப்பிட்டால், வேலை பெரும்பாலும் லேபலில் வந்துதான் நிற்கிறது. விமான வயர் அநேகமாக எல்லாமே வெள்ளை. டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட 22 கேஜ் வயர்களை (கேஜ் என்பது தடிப்பைச் சொல்லும் எண், எண் கூடினால் வயர் மெல்லியது) ஒரு கட்டாகக் கட்டிவிட்டால், எது லேண்டிங் லைட்டுக்குப் போகிறது, எது ஃபுவல் பம்புக்குப் போகிறது என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. கொழும்பின் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்தால், குளிர்நாட்டில் பல வருடம் நிற்கிற லேபல் இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

கோளாறு எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணம் முதலில், காசும் நேரமும் தின்னும் காரணம் கடைசியில் இருக்கிறது.

எதைத் தொடும் முன்பும் மாஸ்டர் சுவிட்சை ஓஃப் பண்ணி, பட்டரியின் நெகட்டிவ் பக்கத்தைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். மெக்னீட்டோ (ஸ்பார்க் பிளக்குக்குத் தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி) உள்ள எஞ்சினுக்கு இது மட்டும் போதாது. மெக்னீட்டோவுக்குப் பட்டரி தேவையில்லை. அதை அடக்கி வைத்திருப்பது, அதிலிருந்து சுவிட்சுக்கு வரும் பி-லீட் வயர் எர்த்தில் படுவதுதான். அந்த வயரைக் கழற்றிய நொடியிலிருந்து மெக்னீட்டோ உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் பி-லீட்டில் கை வைக்க வேண்டும். ப்ரொப்பெல்லரை யாரும் கையால் திருப்பக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் உட்பட.

## லேபலின் ஓரம் கிளம்புகிறது, அல்லது கழன்று கீழே கிடக்கிறது

முதலில் கழன்ற லேபலின் பசைப் பக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அலுமினியத் தூசி பசை முழுக்கப் பரவியிருந்தால், லேபல் ஒட்டிய நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும் கோடு போலத் தூசி இருந்தால், பிடித்து இருந்து பிறகு விட்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு.

முழுக்கத் தூசி என்றால் அழுக்குதான். நம்மூர் வெக்கையில் வியர்த்த விரலால் வயரை இழுத்து இழுத்து வேலை செய்கிறோம். அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த துணியால் வயரைத் துடைத்து, காயவிட்டு, துடைத்த இடத்தைத் தொடாமல் ஒட்டுங்கள். பாதிக் கோளாறு இதோடு தீரும்.

ஓரத் தூசி என்றால் டேப்பைச் சந்தேகப்படுங்கள். ஒஃபிஸ் ஃபைலில் ஒட்டுகிற லாமினேட் டேப் விறைப்பானது. மெல்லிய உறை போட்ட 22 கேஜ் டெஃப்செல் வயரின் விட்டம் ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர், அவ்வளவு சின்ன வளைவில் விறைத்த டேப் படுத்துக் கிடக்காது, நிமிரத்தான் பார்க்கும். வயருக்கென்றே வளையும் டேப் தனியாக விற்கிறது. அதை வாங்குங்கள்.

டேப் சரி, துடைத்ததும் சரி, ஆனாலும் கழல்கிறதா? டெஃப்செல் என்பது டெஃப்லோனின் உறவு, பசை பிடிக்காத சாதி. எனவே லேபல் வயரில் ஒட்டும் என்று நம்பாமல், தன் மேலேயே ஒட்டும்படி சுற்ற வேண்டும். வயரின் சுற்றளவு மூன்றரை மில்லிமீட்டர்தான். 12 மில்லிமீட்டர் டேப்பின் அகலத்தை வயரைச் சுற்றி விட்டால் மூன்று சுற்று கிடைக்கும். ஒரு சுற்றோடு நிறுத்தியவர்களின் லேபல்தான் தரையில் கிடக்கிறது.

கடைசி வழி, லேபலின் மேல் நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) ஏற்றுவது. டெர்மினல் (வயர் முனையில் இறுக்கும் உலோகத் துண்டு) அடிக்காத வயருக்கு இதில் செலவே இல்லை. அதனால் வயரிங் தொடங்கும்போதே செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். டெர்மினல் அடித்துவிட்டிருந்தால் அதை வெட்டி, ஸ்லீவ் ஏற்றி, மறுபடி கிறிம்ப் பண்ண, அதாவது நசுக்கி இறுக்க, வேண்டும். வயர் நீளம் குறையும். வயரில் தளர்ச்சி இல்லையென்றால் வெட்டாதீர்கள். இழுத்துக் கட்டிய வயர் அதிர்வில் டெர்மினலை அசைத்து அசைத்தே முறிக்கும். அங்கே கொடி மாதிரி இரண்டு முனையையும் ஒன்றோடொன்று ஒட்டுகிற லேபல் போதும்.

டேப் கேசட்டை மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் மேசையில் திறந்து கிடந்த கேசட்டை நான் விமானத்துக்குப் பாவிப்பதில்லை.

## எழுத்து மங்குகிறது, அல்லது லேபல் முழுக்கக் கறுக்கிறது

இந்த இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: எழுத்தை எதனால் போட்டீர்கள்?

மார்க்கர் பேனையால் வயரிலேயே எழுதியிருந்தால், பெற்றோல் பட்ட விரல் ஒன்று போதும், எழுத்து போய்விடும். இங்க்ஜெட்டில் அச்சடித்த தாளை ஸ்லீவுக்குள் வைத்திருந்தால், ஈரம் உள்ளே போன இடத்தில் மை கரைந்து நீலமாக இருக்கும். லேசர் அச்சு பரவாயில்லை.

லேபல் கறுத்திருந்தால் அது கடை ரசீது அச்சடிக்கிற வெப்பத்தாள் வகை. சூடு பட்ட இடமெல்லாம் கறுப்பதுதான் அந்தத் தாளின் வேலை. ஹீட் கன் பிடித்தவுடனே கறுக்கும், அல்லது எஞ்சின் பக்கம் மெல்ல மெல்லக் கறுக்கும். திருத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ரிப்பனிலிருந்து மையை உருக்கி டேப்பில் பதிக்கும் அச்சு வேறு; அது நிற்கும். கருவி வாங்கும்போது இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனை சுலபம். மிச்சத் துண்டு வயரில் ஒரு லேபல் ஒட்டி, பாதியைப் பெற்றோல் நனைத்த துணியால் இருபது தடவை தேயுங்கள். பிறகு வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் ஒரு கிழமை போட்டு வையுங்கள். அதற்குப் பிறகும் வாசிக்க முடிந்தால் விமானத்தில் ஒட்டலாம்.

## ஸ்லீவ் சுருங்கியும் வயரில் நழுவுகிறது

கணக்குப் பிழை. 2:1 ஸ்லீவ் தன் விட்டத்தில் பாதிக்கு மேல் சுருங்காது. 2.4 மில்லிமீட்டர் ஸ்லீவ் முழுக்கச் சுருங்கினாலும் 1.2 மில்லிமீட்டர், வயரோ 1.1. வெறும் வயரில் நழுவத்தான் செய்யும். ஆனால் உள்ளே டேப் லேபல் சுற்றியிருந்தால் அந்தத் தடிப்புக்கு இதே ஸ்லீவ் இறுகிப் பிடிக்கும். வெறும் வயருக்கு 1.6 மில்லிமீட்டர் ஸ்லீவ் வேண்டும்.

ஸ்லீவிலேயே எழுத்து அச்சாகும் கேசட்டிலும் இதே சிக்கல்தான். பிரதர் பி-டச் லேபல் அச்சுக் கருவிகளுக்கு வரும் 5.8 மில்லிமீட்டர் குழாய் கேசட் 1.7 முதல் 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வயருக்கு என்று குறிக்கப்பட்டது. ஒற்றை 22 கேஜ் வயர் அதைவிட மெல்லியது. தடித்த பவர் வயருக்கும், ஷீல்ட் போட்ட கேபிளுக்கும் அது அருமையான சாமான்; சின்ன வயருக்கு டேப்பும் நிறமில்லாத ஸ்லீவும்தான்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஸ்லீவ் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கும் முன் குழாயின் மேல் அச்சைப் பாருங்கள். 125 பாகை என்று போட்ட பொலியோலெஃபின் ஸ்லீவ் நல்லது. எந்த அச்சும் இல்லாமல், கடைக்காரருக்கும் என்ன பொருள் என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். பிவிசி ஸ்லீவ் எரிந்தால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். வீட்டிலென்றால் கதவைத் திறந்து ஓடலாம். காக்பிட்டில் எங்கே ஓடுவது?

லைட்டர் சுவாலையால் சுருக்க வேண்டாம். டெஃப்செல் 150 பாகை வரைக்கும் என்று குறிக்கப்பட்ட உறை. சுவாலை அதைவிடப் பல மடங்கு சூடு. ஹீட் கன்னை அசைத்துக்கொண்டே பிடியுங்கள். டாங்கில் எரிபொருள் இருக்கும் விமானத்தில் அதையும் எடுக்காதீர்கள்.

## லேபல் ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது

இதுதான் ஆபத்தான கோளாறு. லேபல் இல்லாத வயரை யாரும் நம்புவதில்லை. பொய் லேபல் போட்ட வயரை எல்லோரும் நம்புகிறார்கள். எனவே சந்தேகம் வந்த வயரில் உடனே மஞ்சள் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி வையுங்கள். அது கழலும் வரை அந்த சர்க்கியூட்டுக்கு மின்சாரம் இல்லை.

தலைகீழாக வாசித்தீர்களா? பெனலுக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கும்போது 16 என்பது 91 ஆகத் தெரியும், 68 என்பது 89 ஆகத் தெரியும். 6, 9 வரும் எல்லா எண்ணுக்கும் கீழே கோடு போடுங்கள். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் திசை தெரிந்துவிடும்.

மீட்டர் பொய் சொல்கிறதா? வயர் தொடர்ந்து போகிறதா என்று பார்க்கும் பீப் சோதனையில், பல மல்டிமீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஒரு முனையில் பல்ப் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் இழை வழியாக எர்த்துக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பல்ப் வழியாக வந்து, சம்பந்தமில்லாத வயரிலும் பீப் கேட்கும். பி-லீட்டில் இது இன்னும் மோசம்: மெக்னீட்டோவின் உள்சுருள் எர்த்தோடு இணைந்தே இருப்பதால், வயர் எர்த்தில் பட்டிருக்கிறதா, மெக்னீட்டோவில் மாட்டியிருக்கிறதா என்று பீப்பை வைத்துச் சொல்ல முடியாது. எனவே இரண்டு முனையையும் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பீப்போடு நிற்காமல் ஓம் அளவையும் பாருங்கள். 22 கேஜ் வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.05 ஓம், ஐந்து மீட்டர் வயரில், மீட்டர் முனைகளின் தடையைக் கழித்த பிறகு, 2 ஓம் காட்டினால் அது நீங்கள் நினைக்கிற வயர் இல்லை, அல்லது வழியில் ஒரு கெட்ட இணைப்பு இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வால் பக்கம் இருப்பவர் வயர் முனையை எர்த்தில் பிடித்து எண்ணைச் சொல்ல, பெனல் பக்கம் இருப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டே மீட்டர் முனையை வைக்க வேண்டும். "பதினேழு பிடிச்சிட்டன் மச்சான்." "பதினேழு, பீப் வருது. விடு." "விட்டுட்டன்." "பீப் நின்டுட்டுது, சரி." அந்த 'விடு' முக்கியம். விட்டதும் பீப் நிற்காவிட்டால் வேறெங்கோ ஷோர்ட் இருக்கிறது.

கனெக்டரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள்? டி-சப் கனெக்டரின் (இரண்டு வரிசையில் பின்கள் உள்ள, டி வடிவ இணைப்பி) முகப்பில் பார்த்தால் ஓர் ஒழுங்கு, வயர் நுழையும் முதுகுப் பக்கம் பார்த்தால் அதன் கண்ணாடிப் பிம்பம். வரைபடம் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று பார்க்காமல் பின் செருகியவர்களின் கனெக்டரில் ஓர் அடையாளம் இருக்கும். 25 பின் கனெக்டரில் 1-இல் இருக்க வேண்டியது 13-இல், 2-இல் இருக்க வேண்டியது 12-இல். கூட்டினால் எப்போதும் 14. கீழ் வரிசையில் 14-க்கு 25, 15-க்கு 24, கூட்டினால் 39. மேல் வரிசையில் 7 மட்டும் சரியாக இருக்கும், அது நடு. இந்தக் கணக்கு ஒத்துவந்தால் எந்த லேபலையும் கழற்றாதீர்கள். லேபல் எல்லாம் சரி, பின்கள்தான் மாறியிருக்கின்றன. கனெக்டரில் மிகச் சின்னதாக அச்சு வார்த்த எண்கள் இருக்கும்; ஃபோன் கெமராவைப் பெரிதாக்கி அவற்றை வாசித்துக்கொண்டு பின்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள். பின்னைக் கழற்றும் கருவி அதிக விலையில்லாத சாமான். குண்டூசியால் தோண்டினால் பின்னைப் பிடிக்கும் கிளிப் வளைந்து, பிறகு அது அதிர்வில் பின்வாங்கும்.

வரைபடம் பழையதா? இடையில் ரேடியோ மாறியிருக்கும், விளக்கு எல்ஈடி ஆகியிருக்கும், வயர் இடம் மாறியிருக்கும், கொப்பியில் ஒன்றும் எழுதியிருக்காது. இங்கே என் விதி கண்டிப்பானது: முதலில் கொப்பியில் எழுது, பிறகு லேபல் அடி, கடைசியில் வயரை மாட்டு. கைவிட்ட எண்ணை மறுபடி இன்னொரு வயருக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணுக்குப் பஞ்சமா?

வழியில் ஒட்டுப் போட்டிருக்கிறதா? மேலே எதுவும் பொருந்தாவிட்டால் கட்டை அவிழ்த்து வயரை முழு நீளமும் பார்க்க வேண்டும். பகல் முழுவதையும் விழுங்கும் வேலை. நடுவில் ஸ்பிளைஸ், அதாவது ஒட்டு, கிடைத்தால், அதற்கு இரு பக்கமும் தனித்தனி லேபல் போட்டுவிட்டு மூடுங்கள்.

லேபலில் எதை எழுதுவது என்பதும் இங்கேயே வருகிறது. ஒரு முனையில் 'பம்ப்', மறு முனையில் 'சுவிட்ச் 3' என்று எழுதினால் இரண்டும் ஒரே வயர் என்று யாருக்குத் தெரியும்? இரு முனையிலும் ஒரே எண் போடுங்கள். நம்மூரில் நீங்கள் தமிழில் நினைப்பீர்கள், உதவிக்கு வருபவர் சிங்களத்தில் நினைப்பார், வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கும். எண் மூவருக்கும் பொது. விளக்கத்தை உங்களுக்கு ஓடுகிற மொழியில் கொப்பியில் எழுதுங்கள். அமெரிக்க இராணுவ முறையில் எழுதும் நீளமான குறியிலிருந்து இரண்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்: முன்னால் சர்க்கியூட் எழுத்து (விளக்குக்கு L, பவருக்கு P, ரேடியோவுக்கு R), எர்த் வயருக்குக் கடைசியில் N. இந்த N ஒன்றே எர்த் வயரைப் பவரில் மாட்டும் பிழையைத் தடுத்துவிடும்.

## லேபல் இருக்கிறது, வாசிக்க முடியவில்லை

கேபிள் டைக்குக் கீழே, கிளாம்புக்குள், அல்லது கட்டின் நடுவில் எழுத்து உள்நோக்கி. அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் ஏசி 43.13-1பி வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: டையையோ கிளாம்பையோ கழற்றாமல் வாசிக்க வேண்டும். இரு முனையிலும் குறி வேண்டும், இடையில் 15 அங்குலத்துக்கு, அதாவது 38 சென்டிமீட்டருக்கு, ஒரு தடவை. 3 அங்குலத்துக்குக் குறைந்த வயருக்குக் குறி தேவையில்லை. 3 முதல் 7 அங்குல வயருக்கு நடுவில் ஒன்று போதும்.

முதலில் வயரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் எழுத்து மறு பக்கம் இருக்கும். டையை வெட்ட வேண்டியிருந்தால் சைட் கட்டரின் நுனி வயர் பக்கம் போகாமல் பாருங்கள். புது லேபலை கடைசி டைக்கும் டெர்மினலுக்கும் இடையில், வயர் கட்டிலிருந்து பிரிந்த பிறகு ஒட்டுங்கள். ஒரே எண்ணை இரண்டு மூன்று தடவை திரும்ப அச்சடித்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும்.

அன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் (நடுக் கம்பியைச் சுற்றிக் காப்பும் உலோகப் பின்னலும் உள்ள கேபிள்) சூடான அச்சை நேரே பதிக்கக் கூடாது, டையை இறுக்கவும் கூடாது. உள்ளிருக்கும் மெத்தென்ற காப்பு நசுங்கும். ஸ்லீவ் லேபல் மட்டும்.

## டெர்மினல் பக்கத்து லேபல் பழுப்பாகிறது

அந்த லேபலை மாற்றாதீர்கள். அது சாட்சி.

ஒரே வயரில், டெர்மினலுக்குக் கிட்ட மட்டும், பழுப்பும் சுருக்கமும் இருந்தால் அங்கே சூடு பிறக்கிறது. படம் எடுங்கள், பிறகு பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா? வயரை மெல்ல இழுத்தால் கிறிம்புக்குள் அசைகிறதா? கல்கிசை, இரத்மலானை போலக் கடல் பக்கத்துப் பட்டறையில் செம்பில் பச்சை படிந்திருக்கிறதா? டெர்மினலின் கழுத்தையும் சேர்த்துத் தளர்வாக ஸ்லீவ் போட்டிருந்தால் உப்பு ஈரம் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

கிறிம்ப் நன்றாக இருந்தால் பியூஸைப் பாருங்கள். 22 கேஜ் வயருக்கு 5 அம்பியர், 18 கேஜுக்கு 10 அம்பியர். 22 கேஜ் வயரில் 15 அம்பியர் பியூஸ் இருந்தால் லேபல் உங்களுக்கு நல்ல நேரத்தில் சொல்லியிருக்கிறது. பழுப்பு டெர்மினலோடு நிற்காமல் வயர் நீளத்துக்கும் போயிருந்தால் அந்த வயர் முழுவதும் மாற வேண்டும். அதோடு ஒட்டிக்கிடந்த வயர்களின் உறையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

## லேபலே இல்லை

பாதி கட்டிய கிட்டை இன்னொருவரிடமிருந்து வாங்கினால் இது வரும். ஆசைப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். முதலில் எல்லா இணைப்பையும் படம் எடுங்கள். பியூஸ் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்க்கியூட், மேலே சொன்ன இரண்டு பேர் சோதனை. தெரிந்த வயருக்கு உடனே லேபல், கொப்பியில் ஒரு வரி. எங்கே போகிறது என்று தெரியாத வயரை வெட்டிவிடாமல், முனையை மூடி, 'தெரியாது 1', 'தெரியாது 2' என்று எண் போட்டு விடுங்கள். பெரும்பாலும் கடைசியில் அவையே ஒன்றுக்கொன்று சோடி சேரும்.

## இதற்கு மேல் நீங்களாகச் செய்யக் கூடாதவை

இடது, வலது மெக்னீட்டோக்களின் பி-லீட் மாறியிருக்கிறது என்ற சந்தேகம். பட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பக்கத்துத் தடித்த வயரில் பழுப்பு. கருவியின் பின் மாறியிருந்த நிலையில் ஏற்கெனவே மின்சாரம் கொடுத்துவிட்டது. மின்சாரத்தில் ஓடும் ட்ரிம் (விமானத்தின் சமநிலையைச் சரிசெய்யும் அமைப்பு) அல்லது ஃபுவல் பம்ப் சர்க்கியூட்டில் லேபலும் மீட்டரும் ஒத்துவராதது. இந்த நான்கில் எது வந்தாலும், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள, ஏவியோனிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) தெரிந்த பராமரிப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். வீட்டு வயரிங் செய்யும் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவருடைய வேலை இல்லை.

அவர் வரும் முன் கொப்பி, படங்கள், மஞ்சள் டேப் சுற்றிய வயர்களின் பட்டியல் மூன்றையும் பெனலுக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். பழுப்பான லேபலையும் கழன்ற லேபலையும் எறியாமல் ஒரு பையில் போட்டு, எந்த வயரிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை பட்டரி நெகட்டிவ் கழன்றே இருக்கட்டும்.